எந்த ஊர் ஏழு மணி?

புதிதாக மலை ஏறியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் நம் சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் கல்வராயன் மலை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உங்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்திருப்பீர்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரும் கேட்காமலே யோசனை சொல்லிக்கொண்டிருந்த வழுக்கைத்தலைக்காரன் நான்தான். இதே ஜன்னலுக்கு உள்ளே பல வருஷம் நின்ற மருந்தாளுநர். இப்போது ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு அம்மா மருந்து வாங்க வந்தார். உங்களில் ஒருத்தர், பெயர் வேண்டாம், கவரின் மேல் எட்டு, எட்டு என்று இரண்டு தடவை எழுதி, "காலைல எட்டு மணிக்கு ஒண்ணு, நைட்டு எட்டு மணிக்கு ஒண்ணு" என்று நீட்டினார். அந்த அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டுன்னா மொத பஸ்ஸு வர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயாங்க?"

"எட்டுன்னா எட்டுதாம்மா. வூட்ல கடிகாரம் இல்லியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் உட்கார்ந்தே இருந்தேன். அந்தத் தம்பி செய்ததைவிடப் பெரிய தப்பை, இதே மணி விஷயத்தில், நான் செய்திருக்கிறேன். நான் செய்தபோது ஒரு மனுஷன் சாகக் கிடந்தார். அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் இரண்டு பேர் அடுத்த வருஷம் ஆப்பிரிக்கா போகப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

நாற்பதைத் தாண்டிய வயதில்தான் நான் கடல் கடந்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த உலகம் தியாகதுருகத்தில் தொடங்கி, சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் வழியாகச் சேலம் போய், திரும்பி இந்த மலையில் முடிந்துவிடும். டான்சானியாவின் தெற்கில், மலைப்பாங்கான ஒரு ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சபையில் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் பயம் வந்தது. பெட்டியில் ஊறுகாய் பாட்டில் ஐந்து, வேதப்புத்தகம் ஒன்று, ஸ்வெட்டர் கிடையாது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனவன், போய் இறங்கிய அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கம்பளியை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

அவர்கள் பேச்சு சுவாஹிலி. முதல் தகராறே மரியாதை வார்த்தையில் வந்தது. அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிட 'மாமா' என்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவர் என்றால் மாமாவோடு மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்து "வாங்க மாமா" என்று சொல்ல, சத்தியமாக எனக்கு ஒரு மாதம் வாய் வரவில்லை. சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். அவர்கள் என்னைப் பார்த்து, சந்தோஷமான மனுஷன் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். அங்கே எனக்குக் கிடைத்த நல்ல பெயரின் அஸ்திவாரம் இதுதான்.

நோயாளிகளுக்கு மருந்தை விளக்கிச் சொல்ல எனக்கு ஓர் உதவியாளர் இருந்தார். நான் இங்கிலீஷில் சொல்வேன், அவர் சுவாஹிலியில் சொல்வார். ஒருவர் தயவில் வேலை பார்ப்பது எனக்குப் பிடிக்காத சங்கதி. சந்தையில் தக்காளி வாங்கி வாங்கியே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களையும், கூடவே கொஞ்சம் பேச்சையும் கற்றுக்கொண்டேன். மணிக்கு 'சா' என்று சொல்ல வேண்டும், ஏழுக்கு 'சாபா'. அப்படியானால் ஏழு மணி 'சா சாபா'. இவ்வளவுதானே பாஷை என்று நினைத்தேன். ஆறாவது வாரம் அந்த உதவியாளர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தனியாக நின்று பேசிக் காட்ட எனக்கு ஒரு வாய்ப்பு என்று மனசுக்குள் ஒரே குஷி.

அன்றைக்கு வந்தவர்கள்தான் நீமா என்ற பெண்ணின் அப்பாவும் அம்மாவும். அந்த ஊர் வழக்கப்படி பாபா நீமா, மாமா நீமா. பாபா நீமாவுக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. டாக்டர் இன்சுலின் ஊசி எழுதிவிட்டு, வெளியூர் முகாமுக்குக் கிளம்பிவிட்டார். ஊசி போடக் கற்றுக்கொடுத்து, நேரம் சொல்லி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மாமா நீமாவுக்குச் சோளம் உரித்துக் காய்த்துப்போன கை. ஆனால் பத்து நிமிஷத்தில் ஊசி பிடிக்கப் பழகிவிட்டார். மருந்தை ஈரமண் போட்ட பானைக்குள் வைக்கச் சொன்னேன், சரி என்றார். கடைசியில் என் சுவாஹிலியை அவிழ்த்துவிட்டேன். பகலில் சா சாபா, ராத்திரியில் சா சாபா. போட்டு அரை மணி நேரத்துக்குள் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ராத்திரி சா சாபாவா?" என்று மாமா நீமா ஒரு தடவை கேட்டார். "ஆமாம், சா சாபாதான், ஒருநாளும் தவறக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். எனக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் படவில்லை.

ஆறாம் நாள் காலை. குளிர் விட்டிருக்கவில்லை, மருந்தகத்தை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தேன். என் கைக்கடிகாரத்தில் ஏழைத் தாண்டிக் கொஞ்சம். நாலு பேர் பாபா நீமாவைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. கண் பாதி திறந்திருந்தது.

டாக்டர் ஊரில் இல்லை. அடுத்த நிலையில் இருந்தவர் ஆபரேஷன் அறைக்குள் ஒரு பிரசவத்தில் இருந்தார். சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது, அதற்குப் போடும் பட்டை தீர்ந்துபோய் இருந்தது, அடுத்த வண்டியில்தான் வரும். படுக்கைக்கு அருகில் இருந்தது இரண்டே பேர். நான், அப்புறம் தலைமை நர்ஸ். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார், பேசினால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆபரேஷன் அறைக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். "இன்சுலின் விஷயம் மருந்தகத்துக்காரருக்குத் தெரியும், கடைசி ஊசி எப்போது என்று கேட்டு அவரே முடிவு சொல்லட்டும்" என்று பதில் வந்தது.

அங்கே அவர்கள் பேசியது எல்லாம் என் மனசில் நம் ஊர்ப் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" என்று மாமா நீமாவைக் கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. ராத்திரி சா சாபாவுக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் போடலீங்க. சாப்பிடவும் மாட்டேன்னுட்டாரு."

கணக்குப் போட்டேன். நேற்று ராத்திரி ஏழு மணிக்குப் போட்ட ஊசி. பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிட்டது, காலை ஊசி இன்னும் போடவில்லை, சர்க்கரை ஏறி மயங்கிக் கிடக்கிறார். இன்சுலின்தான் வைத்தியம் என்று சொன்னேன். ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினேன்.

தம்பிகளே, சந்தேகம் வந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடு என்று நானும் படித்தவன்தான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் அங்கே இருந்த ஆபத்து. ஒரு பாஷையில் பன்னிரண்டு எண்ணைக் கற்றுக்கொண்டவனுக்கு இருக்கிற தைரியம், அந்தப் பாஷையில் பிறந்தவனுக்குக்கூட இருக்காது.

தலைமை நர்ஸ் பாபா நீமாவின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டினார். சொட்டச் சொட்ட ஈரம்.

"தூக்கினு வந்தவங்களுக்கு வேர்க்கலாம்" என்றார். "படுத்துக்கினு வந்தவருக்கு இந்தக் குளிர்ல ஏன் வேர்க்குது?"

என் கை நின்றது. வேர்வை என்றால் சர்க்கரை இறங்கியதற்கு அடையாளம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எப்படி இறங்கும்? கணக்கு உதைத்தது. மாமா நீமாவிடம் திரும்பினேன்.

"நேத்து ராத்திரி நடந்ததை வரிசையா சொல்லுங்க."

"சா மோஜாவுக்கு அவரு சாப்பிட்டாரு. அப்புறம் படுத்துட்டாரு. தூங்கி நல்லா அசந்துட்ட நேரத்துல சா சாபா ஆச்சு. எழுப்பி ஊசி போட்டேன். கூழ் காச்சி வெச்சிருந்தேன். எனக்குத் தூக்கம்தான் வேணும், கூழ் வேணாம்னு திரும்பிப் படுத்துட்டாரு."

மோஜா என்றால் ஒன்று. ஒரு மணிக்குச் சாப்பிட்டவர், அதற்கப்புறம் படுத்தவர், எப்படி ஏழு மணிக்கு முன்னாலேயே அசந்து தூங்கினார்? ராத்திரி என்கிறாரே, எந்த ராத்திரி? இன்சுலின் ஏற்றிய ஊசி கையிலேயே இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு உதவிக்கு வந்தது தியாகதுருகம். எங்கள் அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டவர். கடிகாரம் கட்டியதே இல்லை. "பொழுது எங்க இருக்குது பாரு. உச்சிக்கு வந்துட்டா கஞ்சி எடுத்துக்கினு வா" என்பார். நம் பக்கத்தில் சூரியனுக்கும் பொழுது என்றுதான் பெயர், நேரத்துக்கும் பொழுது என்றுதான் பெயர். இரண்டும் ஒன்று. மணியை விட்டுவிட்டேன். அவர்கள் சூரியனை 'ஜுவா' என்பார்கள். எங்கள் அப்பா கேட்டதை அப்படியே அவர்கள் வார்த்தையில் போட்டுக் கேட்டேன்.

"மாமா நீமா, நீங்க ஊசி போட்டப்ப ஜுவா எங்க இருந்துச்சு?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வானத்தைப் பார்க்கவும் இல்லை. கையை நேராகக் கீழே நீட்டி, தன் காலுக்கு அடியில் இருந்த சிமெண்ட் தரையைக் காட்டினார்.

காலுக்கு அடியில் சூரியன் என்றால் நடுச்சாமம். ஊசி போட்டு ஆறு மணி நேரம்தான் ஆகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை, மருந்து இப்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்கிறது. இதன்மேல் நான் இன்னொரு ஊசி போட இருந்தேன். கையில் இருந்ததைத் தட்டில் போட்டேன். "குளுக்கோஸ்" என்று கத்தினேன். தமிழில் கத்தினேனா, இங்கிலீஷில் கத்தினேனா, தெரியாது. தலைமை நர்ஸ் அதற்குள் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் பாபா நீமாவின் கண் இமை அசைந்தது. கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயற்சி பண்ணினார். அவர் பேசிய முதல் வார்த்தை இது:

"சா சாபா ஆயிடுச்சுங்களா?"

ஊசிக்கு நேரமாகிவிட்டதோ என்று அந்த மனுஷனுக்குப் பதற்றம். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன்.

அவர்கள் கணக்கு என்ன என்று அன்றைக்குத்தான் தலைமை நர்ஸ் எனக்குச் சொன்னார். அவர்களுக்கு நாள் பொழுது விடியும்போது தொடங்குகிறது. விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் அது ஒரு மணி. நம் கடிகாரத்தில் ஏழு. பொழுது சாய்ந்ததும் ராத்திரிக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். அவர்களுடைய ஏழு மணி நம் ஒரு மணி. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயமான கணக்கு. நாம்தான் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நாளை மாற்றுகிறோம். நான் சொல்லி அனுப்பியது மத்தியானம் ஒரு மணி, நடுச்சாமம் ஒரு மணி. ஐந்து ராத்திரி மாமா நீமா அந்த நேரத்துக்கு விழித்திருக்கிறார். அலாரம் எதுவும் கிடையாது. தூங்கினால் தவறிவிடும் என்று தூங்காமலே உட்கார்ந்திருந்து, நெருப்பு மூட்டி, கூழ் காய்ச்சி, கணவரை எழுப்பி ஊசி போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். கேழ்வரகுக் கூழ், நம் வீட்டில் காய்ச்சுவதேதான். நாலு ராத்திரி அந்தக் கூழ்தான் என் தப்பிலிருந்து அவரைக் காப்பாற்றியது. ஐந்தாவது ராத்திரிதான் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மருந்துப் பட்டியலை எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"அவங்க அஞ்சு ராத்திரி தூங்கல. நீங்க எத்தினி ராத்திரி தூங்கல?"

"ஒரு ராத்திரி."

"மீதி நாலு ராத்திரி கடன் இருக்குது. அதைத் தீர்த்துட்டுப் போங்க. மொதல்ல நாளைக்கிக் காலை ஜெபத்துல எழுந்து நின்னு நடந்ததைச் சொல்லுங்க. உங்களுக்கப்புறம் இங்க வர்றவங்களுக்கு அது வேணும்."

அந்த ஆஸ்பத்திரியில் தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள். நோயாளிகளின் வீட்டு ஆட்களும் வந்து உட்காருவார்கள். மறுநாள் எழுந்து நின்றேன். என் ஓட்டைச் சுவாஹிலியில், என் கர்வத்தினால் ஒருத்தர் சாகக் கிடந்தார் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அத்தனை பேரும் ஒரே குரலாக ஒரு வார்த்தை சொன்னார்கள்: "போலே."

'அதுபோலே', 'இதுபோலே' என்கிற நம் போலே இல்லை இது. தடுக்கி விழுந்தவரைப் பார்த்தால் அங்கே போலே என்பார்கள். சாவு வீட்டுக்காரரைப் பார்த்தாலும், தலையில் சுமை தூக்கிப் போகிறவரைப் பார்த்தாலும் அதேதான் சொல்வார்கள். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம். தப்புச் செய்தவன் நான். போலே எனக்கு! கடைசி வரிசையில் இருந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் மாமா நீமா.

ஜெபம் முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நடுச்சாமத்துல ஊசி போடச் சொல்றானே இந்த ஆளுன்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலயா? வந்து கேட்டிருக்கலாமே?"

"தோணுச்சுங்க. அவருகூடச் சொன்னாரு, இது இன்னா நேரம், தப்பா சொல்லிட்டாரு போலன்னு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து வந்து, இப்பதான் எங்க பேச்சைப் பேச ஆரம்பிச்சிருக்கீங்க. அவ்ளோ ஆசையா பேசினீங்க. திருத்தினா மனசு சங்கடப்பட்டுப் பேசறதையே வுட்டுடுவீங்களோன்னு நெனச்சேன். ஊசிதானே, முழிச்சினு இருந்து போட்டுட்டா போச்சுன்னு வுட்டுட்டேன்."

விருந்தாளி மனசு நோகக்கூடாது என்று தன் வீட்டுக்காரர் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள் தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உங்களுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். நம் மலை ஜனமும் அப்படித்தான்.

அதனால் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்று மட்டும்தான் பதில் வரும். "பொழுது எங்க இருக்கும்போது போடுவீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். மொத பஸ்ஸுக்கு முன்னாலயா பின்னாலயா என்று அந்த அம்மா கேட்டாரே, அவர் உங்களுக்கு உபகாரம் பண்ணினார் தம்பி. வாய் திறந்து கேட்ட நோயாளி கிடைப்பது அபூர்வம். அவர் ஊர் எது என்று பதிவேட்டில் பார்த்து, இந்த வாரமே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நான் வேண்டுமானாலும் கூட வருகிறேன், முழங்கால் ஒத்துழைத்தால்.

மீதி நாலு ராத்திரிக் கடனைத் தீர்க்கப் போய், ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் மாமா நீமா வீட்டில்தான் சாப்பாடு. என் ஊறுகாயை அவர்கள் பாராட்டிவிட்டுத் தொடாமல் வைப்பார்கள். பாபா நீமாவுக்கு ஊசி நேரம் சரியானது, உடம்பும் தேறியது. மழைக்காலத்தில் அவரே மண்வெட்டி பிடித்துச் சோளம் நட்டார். ஆனால் என் சுவாஹிலியை மட்டும் அந்த வீட்டில் யாரும் திருத்தியதே இல்லை. மணிக்கணக்கைக்கூடத் தலைமை நர்ஸ்தான் எனக்குப் பாடமாக நடத்தினார். நான் என்ன உளறினாலும் பாபா நீமா கவனமாகக் கேட்டுத் தலையை ஆட்டுவார். எனக்கு அது உள்ளுக்குள் ஒரு முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. இன்னும் விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கிளம்புகிற நாள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. வழியனுப்ப நிறையப் பேர் வந்திருந்தார்கள். மாமா நீமா கேழ்வரகு மாவு ஒரு பை கொடுத்தார். தலைமை நர்ஸ் கையைக் குலுக்கிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். பாபா நீமா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கி விமானம் எத்தினி மணிக்கு?"

நம் கணக்கில் காலை பத்து. நான் சுதாரித்துக்கொண்டு, அவர்கள் கணக்கில் காலை நாலு மணி என்று சரியாகச் சொன்னேன்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஜுவா எங்க இருக்கும்?"

கூட்டத்தில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். குபீரென்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் கிழக்கே காட்டினேன்.

பாபா நீமா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். "இல்ல, தப்பு" என்றார். ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து முதல் தடவையாக. என் கையை ஒரு முழம் மேலே தூக்கி, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க. இங்க வரும்போது நாங்க ரெண்டு பேரும் அண்ணாந்து பார்ப்போம்."